ஒரு காந்தி படம், ஆறு காப்பி

எங்கள் சின்னாளபட்டி வீட்டு முன்கூடத்தில், சாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, தேக்குச் சட்டம் போட்ட ஒரு காந்தி படம் தொங்கிக்கொண்டிருந்தது. ரயில் பெட்டி ஜன்னலிலிருந்து காந்தி கையை நீட்டுகிறார். கீழே கூட்டம். கூட்டத்தின் இடது ஓரத்தில் குல்லா போட்ட இளைஞர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர்தான் எங்கள் தாத்தா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1921இல் மதுரைக்கு வந்த காந்தி அரையாடைக்கு மாறினாரே, அந்தப் பயணத்தில் எடுத்த படம் அது என்பதும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் காந்தி பாடம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லி நான் பெருமை அடித்திருக்கிறேன்.

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் ஓர் ஏலத்தில் காந்தியின் மூக்குக்கண்ணாடி 2,60,000 பவுண்டுக்குப் போனது. யாரோ அதை ஒரு கவரில் போட்டு ஏலக்கடையின் தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போயிருந்தார்களாம். செய்தி வந்த அன்றைக்கே பெரியப்பா மகன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கண்ணாடிக்கே ரெண்டரைக் கோடின்னா, ஆளே இருக்கிற படத்துக்கு என்ன போகும்?"

பழைய வீட்டை இடித்துக் கட்டலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். படம் அசல்தானா, என்ன விலை பெறும் என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் கேமரா தெரியும் என்பதுதான் காரணம். கேமரா தெரிவதும் பழைய படம் தெரிவதும் வேறு வேறு என்பது ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். சட்டத்தைக் கழற்றியதும் படத்தின் மேல் வலது மூலை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. நகத்தை விட்டு மெதுவாகக் கிளப்பினேன். மெதுவாகத்தான். ஆனாலும் நகத்தளவுக்குப் படம் உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இந்த மாதிரிப் படங்களில் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். உருவம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் அது இளகும், வெயிலில் இறுகும். ஐம்பது அறுபது வருஷம் இப்படி இளகி இறுகினால் கண்ணாடிக்கு அது பசை போட்ட மாதிரிதான். போனது வெறும் வானம் இருந்த மூலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உங்கள் வீட்டுப் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள், தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உரிந்துவிட்டதா, அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது இன்னும் பழைய துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது.

பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அசடு வழியச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முகத்தை அப்புறம் பாருங்க. பின்னாடி பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பின்னால் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கேதான் எல்லாம் இருந்தது. சட்டத்தின் முதுகில் தேயிலைப் பெட்டிப் பலகை, நாலு துருப்பிடித்த ஆணி. பலகைக்கும் படத்துக்கும் நடுவில் தூசி புகாமல் இருக்க மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு. அதில் தேதி இல்லை. பெயர் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. ஆனால் ஒரு பல்பொடி விளம்பரம், விலை '75 ந.பை.' என்று. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. 1964 ஜூனில் 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ஆக, இந்தச் சட்டம் போட்டது அந்த ஏழு வருஷத்துக்குள்ளோ, ஒருவேளை கொஞ்சம் பின்னாலோ. இது சட்டத்தின் வயது மட்டும்தான். பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் 1921 என்ற பேச்சில் முதல் கீறல் விழுந்தது இங்கேதான்.

அடுத்து உருப்பெருக்கி. எங்கள் தெரு ஆசாரி நகை பார்க்கும் பத்து மடங்கு லூப்பை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அதில் பார்த்தால் மூன்று விதமாகத் தெரியலாம். ஒழுங்கான வரிசையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது. புத்தகத்திலோ காலண்டரிலோ இருந்து வெட்டியது. இறைத்துவிட்ட மாதிரி நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப் புள்ளி தெரிந்தால், நேற்று வீட்டு பிரிண்டரில் அடித்து டீத்தண்ணியில் நனைத்தது. புள்ளியே இல்லாமல் புகை மாதிரி கறுப்பு மெல்ல வெளுப்பாக மாறினால்தான் நிஜமான போட்டோ. எங்களுடையது மூன்றாம் வகை. அண்ணனுக்குப் போனில் சொன்னதும், "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

லூப் கையில் இருந்த வாரத்தில் வீட்டிலிருந்த அத்தனை படங்களையும் பார்த்தேன். இது ஒரு கிறுக்கு, பிடித்தால் விடாது. எங்களிடம் 19ஆம் நூற்றாண்டுப் படம் எதுவும் இல்லை. மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒன்று பார்த்தேன். தாள் சிகரெட் காகிதம் போல மெலிசு. அதனாலேயே கெட்டியான அட்டையில் ஒட்டியிருந்தார்கள். நிறம் கறுப்பு வெள்ளையாக இல்லை, ஊதா கலந்த பழுப்பு. வெளுப்பான இடமெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. லூப்பில் பூச்சுக்கு அடியில் தாளின் நாரே தெரிந்தது. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாள் அது. 1850இல் பிரான்சில் வந்த இந்த முறை அந்த நூற்றாண்டின் கடைசி வரை ஓடியது. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் பக்கமெல்லாம் எடுத்த படங்கள் இந்தக் காலத்தவை. அவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்தார். அதெல்லாம் வேறு உலகம், வேறு விலை. எங்கள் காந்தி படம் ஜெலட்டின் பூச்சு, சுத்தமான கறுப்பு வெள்ளை. 1890களில் பரவலான இந்த வகை நூறு வருஷம் ஓடியதால், வகையை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது.

அதற்குத்தான் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு. புற ஊதா டார்ச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். 395 என்று விற்பது கண்ணுக்கு ஊதாவாக அடித்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். விஷயம் இதுதான்: 1950களின் தொடக்கத்திலிருந்து போட்டோ தாள் பளிச்சென்று தெரிய ஒரு வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இருட்டறையில் புற ஊதா ஒளி பட்டால் அந்தத் தாள் நீல வெள்ளையாக ஒளிரும். அதற்கு முந்தைய தாள் மங்கிக் கிடக்கும்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அப்பத்தாவின் 1938 கல்யாணப் படத்தையும் காந்தி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டார்ச் அடித்தேன். கல்யாணப் படம் அசையவே இல்லை. காந்தி படத்தின் வெள்ளை ஓரம் நாலு பக்கமும், திருவிழா டியூப்லைட் மாதிரி, குப்பென்று ஒளிர்ந்தது.

உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம். காந்தி உயிரோடு இருந்த காலத்துத் தாளே இல்லை அது.

இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒளிர்ந்தால் தாள் 1950க்குப் பிந்தையது என்று ஏறக்குறைய துணிந்து சொல்லலாம். ஒளிரவில்லை என்பதால் முந்தையது என்று சொல்ல முடியாது. பின்னாலும் எல்லாத் தாளிலும் அதைச் சேர்க்கவில்லை. சோப்புத் தூளிலும் அதே மாதிரி ரசாயனம் உண்டு, அதனால் யாராவது ஈரத்துணியால் துடைத்த இடமும் திட்டுத் திட்டாக ஒளிரும். பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தார். அவரே போட்டுக் கையெழுத்திட்டவை என்று நல்ல விலைக்கு விற்ற பிரதிகள் 1990களின் கடைசியில் சந்தேகத்துக்கு உள்ளாயின. பரிசோதித்தபோது பல ஒளிர்ந்தன. இறந்தவர் பத்து வருஷம் கழித்து எழுந்து வந்து பிரிண்ட் போட முடியாதே.

சரி, தாள் பிந்தையது. பழைய நெகட்டிவிலிருந்து பிறகு போட்ட பிரதியாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படி இருந்தால் அது வேறு கதை. மறுபடி லூப். காந்தியின் தோளுக்கு மேலே குறுக்காக ஒரு மடிப்புக் கோடு போனது. விரலால் ஓரத்தைத் தடவினால் தாளில் மடிப்பே இல்லை, வழவழப்பு. மடிப்பு படத்துக்குள் இருக்கிறது! அதாவது ஏற்கெனவே மடிந்து போன ஒரு படத்தை ஸ்டுடியோவில் கேமராவுக்கு முன் வைத்து மறுபடி படம் பிடித்திருக்கிறார்கள். அதன் பிறகு மற்றதும் கண்ணில் பட்டது. நிழல் பகுதிகள் கட்டி தட்டிக் கறுத்திருந்தன. முகங்களில் கூர்மை இல்லை. கீழ் இடது மூலையில் ஒரு குண்டூசித் தலையும் அதன் நிழலும் அரைகுறையாகத் தெரிந்தன. இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் அந்தக் குண்டூசியை நான் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் அண்ணன் போனில் இருக்கும் ஏதோ ஒரு செயலியில் படத்தைக் கொடுத்துத் தெளிவாக்கி அனுப்பினார். குல்லாக்காரருக்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் அச்சாக வந்திருந்தன. "பாரு, தாத்தாவேதான்!" அதே படத்தை நான் வேறொரு செயலியில் போட்டேன். மீசை போய், வேறு மூக்கு வந்தது. இல்லாத தகவலை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து ஒரு முகத்தைச் செய்து கொடுக்கிறது. ஆசைக்குப் பார்க்கலாம். அடையாளம் காண அதை எடுத்துக்கொண்டு போனால் விவரம் தெரிந்தவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாளைப் பற்றித் தெரிந்தாயிற்று. இனி காட்சியின் வயது. கூட்டத்தின் நடுவில் ஒரு கொடி. மங்கல்தான், ஆனால் பட்டைகள் தெரிகின்றன: மேலே கறுப்பு, நடுவில் வெளுப்பு, கீழே கறுப்பு. 1921இல் காந்தி ஒப்புக்கொண்ட ராட்டைக் கொடியில் வெள்ளைப் பட்டை உச்சியில் இருந்தது, அதன்கீழ் பச்சை, அடியில் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது மேலே வெளுப்பும் கீழே இரண்டு கறுப்புமாகத்தான் வரும். காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசை 1931இல் வந்தது. அக்காலத்துப் பல பிலிம்களுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது, அதனால் காவியும் கறுத்துவிடும். பழைய படங்களில் குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி தெரிவதும் இதனால்தான். ஆக, படம் 1931க்குப் பிறகு எடுத்தது. பெட்டியின் பக்கவாட்டில் 'எஸ் ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் நேராகவே தெரிகின்றன. அந்த சவுத் இந்தியன் ரயில்வே 1951 ஏப்ரலில் வேறு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆகிவிட்டது. ஆக, அதற்கு முந்தைய காட்சி.

எழுத்து நேராக இருப்பதைக் கவனிக்கச் சொன்னதும் அந்த நண்பர்தான். தகரத் தகட்டிலேயே நேரடியாக எடுத்த பழைய தகரப் படங்களில் உருவம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி விழும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடதுகைக்காரன் என்று உலகமே ரொம்ப நாள் நம்பியது அப்படித்தான். கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் தப்பான பக்கம் இருப்பதைக் கவனித்தபோதுதான் படமே திரும்பியிருப்பது புரிந்தது.

பிறகு மதுரை காந்தி அருங்காட்சியகத்துக்குப் போய் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களுக்கு முன்னால் அரை நாள் நின்றேன். 1921இல் காந்திக்கு 51 வயது. எங்கள் படத்தில் இருப்பவர் பொக்கை வாய்க் கிழவர். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி வந்தது. எப்போதோ வந்திருக்க வேண்டிய கேள்வி. தாத்தா பிறந்தது எப்போது? வீட்டுக்கு வந்து அவருடைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். 1919. காந்தி மதுரையில் அரையாடை கட்டியபோது எங்கள் தாத்தா இரண்டு வயதுக் குழந்தை. மூன்று தலைமுறையில் ஒருத்தரும் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "எங்கய்யா கணக்குப்பிள்ளைடா, அவருக்கே இது தெரியாம இருந்திருக்குமா?" என்றார். தெரியாமல் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

1931க்குப் பிறகு காந்தி தமிழ்நாட்டுக்கு வந்தது 1933-34 ஹரிஜன யாத்திரையிலும், 1937லும், கடைசியாக 1946லும். இதில் எது என்பதை அட்டை சொன்னது. படம் ஒட்டியிருந்த சாம்பல் நிற அட்டையின் பின்புறம் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். டார்ச்சை அட்டையோடு படுக்க வைத்துச் சாய்வாக அடித்ததும் பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழல் கட்டி எழுந்து வந்தன. முதல் வரி தாத்தாவின் கணக்கெழுத்து. அவருடைய பேரேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை: 'பார்த்திப தை'. கீழே வேறொரு கையெழுத்தில், ஸ்டுடியோக்காரர் எழுதியதாக இருக்க வேண்டும்: 'கேபினட் காப்பி 6'. கேபினட் என்பது ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ஒரு பட அளவு.

பார்த்திப வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1885-86, 1945-46, 2005-06. முதலாவதும் கடைசியும் ஆகாது. 1945-46 பார்த்திப வருஷத்துத் தை என்றால் 1946 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. சென்னையில் இந்தி பிரசார சபை வெள்ளிவிழாவுக்கு வந்த காந்தி, தனி ரயிலில் மதுரைக்கும் பழனிக்கும் போனது பிப்ரவரி முதல் வாரத்தில். அம்பாத்துரையில் ஊர் ஜனம் தண்டவாளத்தில் நின்று அந்த வண்டியை நிறுத்தியதாக எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். இப்படி, கொடியும் ரயில்வேயும் முகமும் பென்சில் வரியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பென்சில் வரி மட்டும் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதுவும் பத்து வருஷம் கழித்து ஞாபகத்தில் எழுதியதுதானே.

இனி விலை. இதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் காரைக்குடியில். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் காந்தியைப் பார்க்கவே இல்லை. சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், மூலை இணைப்பை விரலால் தடவினார். "பர்மா தேக்கு. சட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு தர்றேன். படத்தை நீங்களே வச்சுக்கங்க." அன்றைக்குக் கோபமாக வந்தது. இப்போது யோசித்தால், அந்தப் படத்துக்கு எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் நேர்மையானது அதுதான்.

ஏலங்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவரிடம் பிறகு படங்களை அனுப்பினேன். நாலு படம் கேட்டார்: முன்பக்கம், பின்பக்கம், சாய்வொளியில் ஒன்று, ஓரத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்று டாக்குமென்டாக அனுப்பச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகள்: எடுத்தவர் யார்? பிரிண்ட் போட்டது எடுத்த காலத்திலா, பின்னாலா? எத்தனை பிரதி இருக்கிறது? எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது? என்ன நிலையில் இருக்கிறது? என் பதில்கள்: தெரியாது, பின்னால், குறைந்தது ஆறு, எங்கள் வீடுதான், மூலையை நானே உரித்துவிட்டேன்.

"பின்னாடி கனு காந்தி முத்திரையோ, ஒரு பத்திரிகை நிறுவன முத்திரையோ இருந்தா பேசலாம். இது நகலோட நகல். உள்ளூர் வரலாறு சேர்க்கிறவங்க சில ஆயிரம் கொடுக்கலாம்" என்றார். கனு காந்தி, காந்திக்குப் பேரன் முறை. ஃபிளாஷ் போடக் கூடாது, நிற்கச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு காந்தியைக் கடைசிப் பத்து வருஷம் படமெடுத்தவர். அவர் கையால் போட்ட பிரிண்டுக்கும் எங்கள் கேபினட் காப்பிக்கும் உள்ள தூரம், தங்கத்துக்கும் தங்க முலாமுக்கும் உள்ளது.

அண்ணன் விடவில்லை. இணையத்தில் இதே மாதிரி ஒரு காந்தி படத்துக்கு மூன்று லட்சம் என்று ஒருவர் போட்டிருப்பதை அனுப்பினார். போட்டிருக்கும் விலை வேறு, போன விலை வேறு. பத்து வருஷம் மூன்று லட்சம் என்று தொங்கிக்கொண்டே இருக்கலாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதில் தேட வேண்டும். அதிலும் வாங்குபவர் கட்டும் கமிஷன் சேர்த்த விலையா, சேர்க்காததா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: விலை சொல்கிறவரே வாங்க வருகிறவராகவும் இருந்தால், அவர் சொல்வது விலை இல்லை, பேரம்.

எவர் கையிலிருந்து வந்தது என்ற கேள்வியின் எடையை நான் பில்லி த கிட் கதையில்தான் புரிந்துகொண்டேன். அவனுடைய உறுதியான தகரப் படம் 2011இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவனே நண்பனுக்குக் கொடுத்தது, அந்த நண்பனின் குடும்பத்திலேயே வழிவழியாக இருந்தது. இன்னொரு தகரப் படம், கலிபோர்னியாவில் ஒருவர் 2 டாலருக்கு வாங்கியது. அதிலும் பில்லி இருக்கிறான் என்று சொல்லி 50 லட்சம் டாலர் மதிப்புப் போட்டார்கள். முகம் ஒத்துப்போகிறது, இடம் ஒத்துப்போகிறது என்றெல்லாம் வாதம் நடந்தது. ஆனால் அவன் கையிலிருந்து அந்தப் படம் வந்த வழி யாருக்கும் தெரியாது என்பதால் சண்டை தீரவில்லை.

லண்டனுக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷத்துக்கு மேற்பட்டதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகமான பொருள் என்றால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிய பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். எங்கள் விஷயத்தில் வேடிக்கை, 1921 என்று நிரூபித்திருந்தால் அனுப்புவதே சிக்கலாகியிருக்கும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் அத்தையிடம் போனேன். அப்பாவின் அக்கா, 84 வயது, திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். முதலில் போயிருக்க வேண்டியது அவரிடம். லூப்பும் டார்ச்சும் எங்கேயும் ஓடிவிடாது.

படத்தை மடியில் வைத்ததும் அத்தை குல்லாக்காரர் மேல் விரலை வைத்தார். "இது அய்யா இல்லடா."

"எல்லாரும் அவர்தான்னு சொல்றாங்களே அத்தை?"

"யார் சொன்னா? நூல் கடையில வேலை பார்த்தவுக ஆறு பேர் ஒண்ணா ஓடுனாக, காந்தியைப் பார்க்க. அய்யா போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி கிளம்பிருச்சு. கையை மட்டும் பார்த்தேன்னு சொல்வாரு. பெறகு கூட்டாளி ஒருத்தரு எங்கயோ ஸ்டுடியோவுல இந்தப் படத்தைச் சின்னதா வாங்கியாந்தாரு. கணக்குப் புத்தகத்துல வச்சு வச்சு மடிஞ்சு போச்சு. எனக்குக் கல்யாணம் பேசுன வருசம் ஆறு பேருமாச் சேர்ந்து ஆளுக்கு ஒண்ணு காப்பி போட்டாக." அத்தைக்குக் கல்யாணம் 1959இல். நயா பைசா காலம்.

"அப்ப தாத்தா நிக்கிற இடம்னு..."

"அந்தப் பையனைக் காட்டித்தான் சொல்வாரு, 'அந்த எடத்துல நான் நின்னுருக்கணும்'னு."

அந்த ஒரு வாக்கியம்தான் இரண்டு தலைமுறையில் தேய்ந்து தேய்ந்து 'அங்கே தாத்தா நின்றார்' என்று ஆகியிருக்கிறது. 1921 எப்படிச் சேர்ந்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை. காந்தி, மதுரைப் பக்கம் என்றாலே எல்லோர் வாயிலும் வருவது அந்த வருஷம்தானே.

அத்தை பேசியதைப் போனில் பதிவு செய்துகொண்டேன். மீதி ஐந்து வீடுகளையும் தேட ஆரம்பித்தேன். இரண்டு கிடைத்தன. ஒரு வீட்டில் ராமபாணப் பூச்சி அரித்துக் காந்தியின் கை மட்டும் மிச்சம். இன்னொரு வீட்டில் நல்ல நிலையில் இருந்திருக்கும். பத்து வருஷம் முன்பு பாதுகாப்புக்கு என்று லேமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வழியே இல்லை. சின்ன அசல் படம் யாரிடமும் இல்லை. ஸ்டுடியோ எது என்பதும் தெரியவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைச் சேகரித்து மின்மயமாக்கியிருக்கிறார்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. ஸ்கேனை அங்கெல்லாம் காட்டலாம் என்று இருக்கிறேன். 1200 டிபிஐ, டிஃப் கோப்பு, முன்னும் பின்னும்.

விற்கும் பேச்சு அதோடு நின்றது. அண்ணன் இப்போது அந்த ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் சட்டத்தைத்தான் எனக்கு வேண்டும் என்கிறார். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, அமிலம் இல்லாத தாளில் பொதிந்து அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சுவருக்கு ஸ்கேனிலிருந்து எடுத்த பிரதி போதும்.

கிளம்பும்போது அத்தை, "எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுடா" என்றார். அடுத்த மாதம் நல்ல தாளில் ஒன்று போட்டு எடுத்துப் போனேன். பின்பக்கம் ஓரமாக, மெத்தென்ற பென்சிலில் எழுதியிருந்தேன்: காந்தி, ரயிலில், 1946 பிப்ரவரியாக இருக்கலாம், இடமும் எடுத்தவரும் தெரியவில்லை, 1959 நகலிலிருந்து எடுத்த நகல், இன்றைய தேதி.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அய்யா பேரை ஏன் எழுதல?"

"அவர்தான் படத்துல இல்லையே அத்தை."

"படம் அவருதுதானே?"

பென்சிலை மறுபடி எடுத்தேன். வைத்திருந்தவர் என்று எழுதி, தாத்தாவின் பெயரைப் போட்டேன். அத்தை ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார். தாத்தா கையெழுத்துப் போடும்போது 'ர' இல்லையாம், 'ற' தானாம்.